125க்கு 105

2019 டிசம்பர் 11, புதன்கிழமை. அந்தத் திகதி எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம் என் அரசியல் ஆர்வம் இல்லை. கொம்பனித்தெருவில் எங்கட லேனில் ஒரு அக்கா தையல் மெஷின் வைத்து பிளவுஸ், ஸ்கூல் யூனிபோர்ம் எல்லாம் தைக்கிறா. அன்றைக்குப் பின்னேரம் உடுப்பு எடுக்கப் போன என்னைப் பிடித்து, "தம்பி, டெல்லியில என்னமோ சட்டம் போடுறாங்களாம். ஃபோன்ல பாத்து சொல்லுங்களேன், எங்க ஆளுகளையும் சேத்துட்டாங்களா?" என்று கேட்டா. அவவின்ர அண்ணன் குடும்பம் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கு. 1990இல வள்ளம் ஏறிப் போனவங்க.

நான் யூடியூப்பில் ராஜ்யசபா நேரலையைப் போட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வாக்கெடுப்பு. ஆதரவு 125, எதிர்ப்பு 105. இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டமூலம் நிறைவேறியது. "இல்லக்கா, சேர்க்கேல்ல" என்று மட்டும் அடுத்த நாள் காலையில் போய்ச் சொன்னேன்.

இப்ப ஏன் இந்தப் பழைய கதை என்று கேட்பீர்கள். எங்கட நாட்டிலும் புதிய அரசியலமைப்புக் கதை திரும்ப வருது. அதோடு சேர்ந்து 'இரண்டாவது சபை' கதையும் வரும். பாராளுமன்றத்துக்கு மேலே மாகாணங்களுக்கென்று ஒரு சபை இருந்தால், சிறுபான்மைக்கு எதிரான சட்டம் வரும்போது அது தடுக்கும் என்று எங்கட பக்கத்தில் கனபேர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஒருக்கா அந்த ஒரு நாளைப் போய்ப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன என்று சுருக்கமாக. ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்கு முன்னர் இந்தியாவுக்கு வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோரை 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்வது. 11 வருடம் இருந்திருக்க வேண்டும் என்பது இவர்களுக்கு 5 வருடமாகக் குறைந்தது. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. இலங்கை இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் அப்போது 100க்கு மேற்பட்ட முகாம்களில் 59,000 பேர் அளவிலும், முகாமுக்கு வெளியே 34,000 பேர் அளவிலும் இலங்கைத் தமிழ் அகதிகள் இருந்தார்கள். அதில் கனபேர் முப்பது வருடமாக அங்கேயே. முகாமில் பிறந்து, முகாமில் கல்யாணம் கட்டி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு நாள் முன்னர், திங்கள் நள்ளிரவு தாண்டி, கீழ்ச்சபையான லோக்சபாவில் அது 311க்கு 80 என்று நிறைவேறிவிட்டது. அங்கே பாஜகவுக்கு அறுதிப் பெரும்பான்மை, ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ராஜ்யசபாவில்தான் அவர்களிடம் தனியாகப் பெரும்பான்மை இருக்கவில்லை. இது சும்மா கணக்கு இல்லை. இதே மாதிரியான ஒரு சட்டமூலம் அதே 2019 ஜனவரியில் லோக்சபாவில் நிறைவேறி, ராஜ்யசபாவில் எடுக்கப்படாமலே காலாவதியானது. அதாவது ஒருமுறை மேற்சபை உண்மையிலேயே தடுத்திருக்கிறது, கையை உயர்த்தாமலே. ஆகவே டிசம்பரில் எல்லாக் கண்ணும் அங்கேதான்.

மத்தியானம் அளவில் உள்துறை அமைச்சர் அமித் ஷா சட்டமூலத்தை முன்வைத்தார். வெங்கையா நாயுடு தலைமைக் கதிரையில். பேச்சுகளில் எனக்கு இன்னும் மனதில் நிற்பது ப. சிதம்பரம் கேட்டவை. ஏன் மூன்று நாடு மட்டும்? ஏன் இலங்கை இந்துக்களும் பூட்டான் கிறிஸ்தவர்களும் விடுபட்டார்கள்? ஏன் மதத் துன்புறுத்தல் மட்டும், மொழியாலும் அரசியலாலும் துன்பப்பட்டவர்கள் இல்லையா? நல்ல கேள்விகள். ஆனால் சிவகங்கைக்காரரான சிதம்பரம் அன்று ராஜ்யசபாவில் உட்கார்ந்திருந்தது மகாராஷ்டிராவின் சார்பில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

திமுகவின் திருச்சி சிவா எதிர்த்துப் பேசினார், இலங்கைத் தமிழர் விடுபட்டதைக் கேட்டார். வைகோவும் எதிர்த்தார். அது எதிர்பார்த்ததுதான். நான் காத்திருந்தது அதிமுக என்ன சொல்லும் என்று. அவர்களுக்கு அப்போது ராஜ்யசபாவில், புதுச்சேரி உறுப்பினரையும் சேர்த்து, 11 பேர். சென்னையில் ஆட்சி அவர்களுடையது. முகாம்களை நடத்துவதும் அந்த மாநில அரசுதான். அகதிகளுக்கு மாதக் கொடுப்பனவு கொடுப்பதும், ரேஷன் கொடுப்பதும், வருகைப் பதிவு எடுப்பதும் அவர்களின் அதிகாரிகள். அந்த மக்கள் யார், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று இந்தியாவில் அவர்களைவிட நன்றாகத் தெரிந்த கட்சி அன்றைக்கு வேறு இல்லை.

அவர்கள் தரப்பில் பேசியவர் இலங்கைத் தமிழரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சட்டமூலத்தை ஆதரிப்பதாகவும் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. வீடியோவைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பக் கேட்டேன். ஆம், அப்படித்தான். எங்கட ஆக்களைச் சேருங்கோ, சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, வாக்கு உங்களுக்குத்தான். கடையில் போய்க் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு விலை பேசுகிற மாதிரி.

தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் பிரேரணை 124க்கு 99 என்று தோற்றது. எதிர்க்கட்சியினரின் திருத்தங்களும் தோற்றன. பிறகு இறுதி வாக்கெடுப்பு. அதிமுக ஆதரவு. பாமகவின் ஒரே உறுப்பினர் அன்புமணி ராமதாஸும் ஆதரவு. கணக்கைப் பாருங்கள். அதிமுகவின் 11 வாக்கு மட்டும் மறுபக்கம் விழுந்திருந்தால் 114க்கு 116. அன்புமணியும் சேர்ந்திருந்தால் 113க்கு 117. சட்டமூலம் அந்த இரவு விழுந்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விழுந்திருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்காது. இரண்டு சபைக்கும் ஒத்துவராவிட்டால் கூட்டு அமர்வு கூட்டலாம் என்று இந்திய அரசியலமைப்பின் 108ஆம் உறுப்புரை சொல்கிறது. 1961, 1978, 2002 என்று மூன்று முறை கூட்டியும் இருக்கிறார்கள். லோக்சபாவில் 311 வைத்திருந்த அரசு அங்கே வென்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நாள் எடுக்கும், பேரம் பேச வேண்டி வரும். அந்தப் பேரத்தில் 'சரி, இலங்கையையும் சேர்க்கிறோம்' என்று ஒரு வரி வந்திருக்கலாம். மேற்சபையிடம் நாங்கள் எதிர்பார்ப்பதே அவ்வளவுதானே, கொஞ்சம் நேரம், கொஞ்சம் பேரம். அதைக்கூட வாங்காமல் 11 வாக்கு போனது.

பிறகு 2021 சட்டசபைத் தேர்தல் வந்தபோது அதே அதிமுக, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. சிரிப்பதா அழுவதா?

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. 'இலங்கைத் தமிழரைச் சேர்த்திருந்தால் சட்டம் நல்ல சட்டம்' என்று நான் சொல்ல வரவில்லை. கொம்பனித்தெருவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. கியூ வீதியில் முருகன் கோயில், கொஞ்சம் நடந்தால் வேகந்தைப் பள்ளிவாசல். தமிழர், சோனகர், மலாய்க்காரர், சிங்களவர் என்று ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்த சனம். மதத்தைக் கேட்டுக் கதவைத் திறக்கிற சட்டத்தில் எங்கட பெயரையும் போடச் சொல்லிக் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரனை வெளியில் விட்டு எங்களை மட்டும் உள்ளே எடு என்பதுதான். அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவ கோபப்படவில்லை. "எனக்கு அண்ணன் குடும்பத்துக்கு ஒரு வழி வேணும் தம்பி, அவ்வளவுதான்" என்றா. அதுவும் சரிதான். வழி வேண்டும் என்பதும் இந்த வழி பிழை என்பதும் இரண்டுமே உண்மை. எதிர்த்து வாக்களித்த தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேசினார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இனி அக்காவின் குடும்பக் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு மேற்சபை இல்லை, இரண்டு மேற்சபை இருக்கு.

அவவின் தாத்தா பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததை, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். தோட்ட லயத்தில் யாரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? லட்சக்கணக்கான மலையக மக்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் அரைப் பந்தியாவது வரும். வராத ஒன்று என்னவென்றால், அப்போது இலங்கையிலும் ஒரு மேற்சபை இருந்தது. அந்தச் சட்டம் அதையும் தாண்டித்தான் வந்தது.

மூதவை என்பார்கள், செனட் சபை. சோல்பரி அரசியலமைப்பு தந்தது. 1947இல் தொடங்கியது. கோட்டையில், இப்போது வெளிவிவகார அமைச்சு இருக்கிற குடியரசுக் கட்டடத்தில்தான் அது கூடியது. எங்கட வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பேரை வாவிப் பக்கமாகப் போய், காலிமுகத்திடலைத் தாண்டி, பழைய பாராளுமன்றத்தைக் கடந்து உள்ளே திரும்பினால் வெள்ளைத் தூண்களோடு நிற்கும். நான் எத்தனையோ தரம் அந்த வழியால் போயிருக்கிறேன். அது ஒரு காலத்தில் சட்டம் செய்த இடம் என்று சமீபத்தில்தான் தெரியும்.

30 பேர். ஆறு வருடப் பதவி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு ஓய்வு. ராஜ்யசபாவிலும் இதே முறைதான். 15 பேரைக் கீழ்ச்சபை உறுப்பினர்கள் தெரிவு செய்வார்கள், 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். ஒருக்கா நின்று யோசியுங்கள். பாதிப்பேர் பிரதமரின் ஆட்கள். மிச்சப் பாதியிலும் ஆளும் கட்சிக்குப் பங்கு. சபை தொடங்கிய நாளிலேயே அரசாங்கத்தின் கை மேலே. 1948இலும் 1956இலும், பிரஜாவுரிமைச் சட்டமும் தனிச்சிங்களச் சட்டமும் அந்த வெள்ளைத் தூண்களைத் தாண்டிப் போனதில் என்ன அதிசயம்? அப்படியே எதிர்த்திருந்தாலும் கொஞ்சக்காலம் தாமதப்படுத்தத்தான் அதற்கு அதிகாரம்.

அங்கே நல்ல மனிதர்கள் இருக்கவில்லை என்றில்லை. எஸ். நடேசன் இருந்தார், சட்டத்தரணி, பிற்காலத்தில் சிவில் உரிமைகள் இயக்கத்தின் முன்னோடி. 1949 டிசம்பரில் செல்வநாயகம், வன்னியசிங்கத்தோடு சேர்ந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய டொக்டர் நாகநாதன் செனட்டராக இருந்தவர். மு. திருச்செல்வம் ஒரு தேர்தலிலும் நிற்காமல் மூதவை வழியாக 1965இல் டட்லி சேனாநாயக்கவின் அரசில் உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலையில் கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் போட்ட குழுவைப் பிரதமர் நிறுத்தியபோது, 1968இல் பதவியை விட்டு வெளியே வந்தார். அந்தச் சபையால் சட்டத்தை நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு மனிதரை உள்ளே கொண்டுவரவும், அவர் மானத்தோடு வெளியே போகவும் முடிந்தது. பெரிய விஷயம் என்று சொல்லமாட்டேன், சின்ன விஷயமும் இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானபோது அவர் கீழ்ச்சபை உறுப்பினரே இல்லை. செனட்டராக்கித்தான் பாராளுமன்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே சிறிமாவோவின் அடுத்த ஆட்சிதான் 1971 ஒக்டோபர் 2இல் செனட்டை ஒழித்தது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தது என்பார்களே, அது இதுதான்.

இரண்டுக்கும் நடுவில், 1964இல், அதே பிரதமர் டெல்லிக்குப் போய் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டார். 975,000 மனிதர்கள். 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். அக்காவின் குடும்பம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று அவவுக்கே சரியாகத் தெரியாது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய்க் காணி வெட்டினார்கள். பிறகு யுத்தம். 1990இல் அண்ணன் ராமேஸ்வரம் போனார், அவ கொழும்புக்கு வந்தா. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் பெரிய பகுதி இப்படி மலையக வேர் உள்ளவர்கள். வடக்கு கிழக்குக்காரர் மட்டும்தான் அகதி என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பிழை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இந்த மாதிரி ஆட்கள் போனார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த அறுபதுக்கு மேற்பட்டவர்கள். 'நாங்கள் இந்திய வம்சாவளியினர், எங்களுக்குக் குடியுரிமை தாருங்கள்' என்று. 2019 ஜூன் 17இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள் விண்ணப்பிக்கலாம், அரசு அதைக் கனிவோடு பரிசீலித்து 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஆறு மாதம் கழித்து அந்தப் புதன்கிழமை வந்தது.

ஆக, 1948இல் கோட்டையில் ஒரு மேற்சபை தாத்தாவை நாடற்றவராக்கிய சட்டத்தைத் தடுக்கவில்லை. 2019இல் டெல்லியில் ஒரு மேற்சபை பேரனுக்குக் கதவைத் திறக்கவில்லை. இரண்டிலும் தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டிலும் நல்ல பேச்சு பேசப்பட்டது.

தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் எல்லாரும் நடிகர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுகமாக இருக்கும். எங்கட ஃபேஸ்புக்கில் அன்றைக்கு அதுதான் நடந்தது. எனக்கு அது போதவில்லை. அந்த 11 பேரில் ஒருவருக்காவது மனச்சாட்சி உறுத்தியிருக்கும் என்று வைப்போம். அவர் எதிர்த்து வாக்களித்தால் என்ன ஆகும்? 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா கட்டளையை மீறினால் கட்சி கேட்டுக்கொண்டு அவரின் ஆசனத்தையே பறிக்கலாம். அவரை அங்கே அனுப்பியது யார்? வாக்காளர் இல்லை, சட்டசபை உறுப்பினர்கள். அதுவும் 2003க்குப் பிறகு அந்தத் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பு இல்லை. கட்சி முகவருக்கு வாக்குச்சீட்டைக் காட்டித்தான் போட வேண்டும். அதே 2003 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. ஒரு மாநிலத்தின் பிரதிநிதியாக வருபவர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தது. உச்ச நீதிமன்றமும் 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் இரண்டும் சரி என்றது. சிவகங்கை சிதம்பரம் மகாராஷ்டிராவுக்காக உட்கார்ந்திருந்தது இப்படித்தான்.

பெயர் மாநிலங்களவை. ஆனால் மாநிலம் என்ன நினைக்கிறது என்று கேட்க அங்கே ஒரு வழியும் மிச்சமில்லை. கட்சி என்ன நினைக்கிறது என்று மட்டும்தான் கேட்கலாம். கட்சிக்கு அன்றைக்கு டெல்லியோடு கூட்டணி.

இப்ப எங்கட வீட்டுக்கு வருவோம். 2017 செப்டெம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு ஒரு இடைக்கால அறிக்கை வெளியிட்டது. அதில் 55 பேர் கொண்ட இரண்டாவது சபை இருந்தது. ஒன்பது மாகாண சபையிலிருந்தும் தலா 5 பேராக 45 பேர். மிச்சம் 10 பேரைப் பாராளுமன்றம் தெரிவு செய்யும், சமூகத்தில் பெயர் பெற்றவர்களாக. சாதாரண சட்டத்தை அந்தச் சபை தடுக்க முடியாது, மீளப் பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மட்டும் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு வேண்டும். அந்தக் கடைசி விஷயம் உண்மையிலேயே பெறுமதியானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வடக்கும் கிழக்கும் மட்டும் சேர்ந்தால் 10 பேர்தான், அதனால் எதையும் தடுக்க முடியாது; ஆனால் மற்ற மாகாணங்களுக்கும் தங்கட அதிகாரத்தில் ஆசை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முழு ஏற்பாடும் நிற்கிறது.

அந்த நம்பிக்கை எப்போது வேலை செய்யும்? ஊவாவிலிருந்து வந்தவர் ஊவாவுக்காகப் பேசினால். அவர் கொழும்பிலிருக்கிற கட்சித் தலைமைக்காகப் பேசினால் வேலை செய்யாது. எங்கட அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி கட்சியிலிருந்து நீக்கப்படும் எம்.பி. ஆசனத்தையும் இழப்பார். இரண்டாவது சபைக்கும் அதே விதி வருமா? இதைப் பற்றி எங்கட கட்சிகள் ஒன்றும் கதைக்கிறதாக நான் கேட்டதில்லை. எத்தனை ஆசனம் என்றுதான் கதைக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். இரண்டாவது சபை வேண்டாம் என்றில்லை. கட்சி பறிக்க முடியாத ஆசனம் இல்லையென்றால் அந்தச் சபை இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. குறைந்தது, சிறுபான்மையின் உரிமையைத் தொடுகிற சட்டங்களிலும் மாகாண அதிகாரத்தைத் தொடுகிற சட்டங்களிலும் கொறடா கட்டளை செல்லாது என்று எழுத வேண்டும். 'அப்படியென்றால் காசுக்கு ஆட்களை வாங்குவார்கள்' என்று பதில் வரும். வாங்கத்தான் செய்வார்கள், 2018 ஒக்டோபரில் எங்கட பாராளுமன்றத்தில் எம்.பி.க்களுக்கு என்ன விலை என்று நாடே கதைத்தது. ஆனால் 11 பேரைத் தனித்தனியாக வாங்குவது ஒரு தலைவரை மொத்தமாக வாங்குவதைவிடக் கஷ்டம்.

இன்னொரு சிக்கல். 2014க்குப் பிறகு நாட்டில் ஒரு மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை. சபைகளின் காலம் முடிந்து ஆளுநர்களின் கையில் கிடக்கு. இல்லாத சபையிலிருந்து 45 பேரை எப்படி எடுப்பது? முதலில் அந்தத் தேர்தலைக் கேட்க வேண்டும். சுவாரசியமில்லாத கோரிக்கை, போஸ்டரில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தெரியும்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இன்னும் மோசம். அந்த அறிக்கையின்படி மாகாண சபை உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தங்கட 5 பேரைத் தெரிவு செய்வார்கள். அப்படியென்றால் சபையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட ஆட்கள் இருந்தால்தான் ஒருவரை அனுப்பலாம். மத்திய மாகாணத்தில் மலையகக் கட்சிகள் ஒன்றாக நின்றால் முடியும். மேல் மாகாணத்தில் தமிழர் தனியாக நின்றால் முடியாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு எல்லாம் சேர்ந்தாலும் வராது. முஸ்லிம் கட்சிகளோடு சேர்ந்து நின்றால் ஒருவேளை. மாகாணத்தை அலகாக வைக்கிற எந்த ஏற்பாட்டிலும் சிதறி வாழ்கிற சனத்துக்கு இதே பிரச்சினைதான். பாராளுமன்றம் தெரிவு செய்கிற அந்த 10 பேரிலாவது இதற்கு இடம் ஒதுக்கலாமா என்று கேட்க வேண்டியது நாங்கள்தான். வன்னியிலிருந்து யாரும் வந்து எங்களுக்காகக் கேட்கப் போவதில்லை.

கடைசியாக அக்காவின் அண்ணன் விஷயம். 2020 ஜனவரியில் நிர்மலா சீதாராமன் சென்னையில், 1964 முதல் 2008 வரை நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழருக்கு இந்தியா குடியுரிமை கொடுத்திருக்கிறது என்று கணக்குச் சொன்னார். அது சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கு. வள்ளத்தில் போனவர்களின் கணக்கு இல்லை. 2021 செப்டெம்பரில் தமிழ்நாடு சட்டசபை அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 2024 மார்ச்சில் டெல்லி விதிகளை வெளியிட்டு அதை நடைமுறைப்படுத்தியது. 2025 செப்டெம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன்னர் வந்து பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று ஒரு உத்தரவு வந்தது. அதையும் ஃபோனில் காட்டினேன். "அப்ப சிட்டிசனா?" என்று கேட்டா. இல்லை, பிடித்து உள்ளே போட மாட்டார்கள், அவ்வளவுதான் என்றேன்.

2016இல் லால் விஜேநாயக்க தலைமையில் மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் இருந்தது. நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்று நடக்கிறதே எனக்குத் தெரியாது. அடுத்த முறை இருந்தால், ஆசனத்தின் கயிறு யாருடைய கையில் என்ற இந்த ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போக இருக்கிறேன். அக்காவும் வாறேன் என்று சொல்லியிருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை என்றால்.